இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கப் போகிறீர்களா? டர்பன் வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடன் பற்றியவை. இருந்தாலும் ஆள் வைப்பது பற்றிய கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் தனியாக நடத்தும் கடையில் இன்னொருவர் சம்பளத்துக்குச் சேரும் நாள் நம் ஊருக்கு எவ்வளவு பெரிய நாள் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை.

வீட்டிலேயே முறுக்கும் மாங்காய் ஊறுகாயும் போட்டு விற்கிறேன். தீபாவளிக்குப் பிறகும் ஆர்டர் குறையவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் உதவிக்கு வரத் தயார். கையில் காசு கொடுத்தால் போதுமா, எங்காவது பதிய வேண்டுமா? (சாட்ஸ்வர்த் வாசகி)

பதிய வேண்டும், அம்மா. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை செய்பவரை யுஐஎஃப் என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் சேர்த்தாக வேண்டும். சம்பளத்தில் அவர் பங்கு 1 சதவீதம், உங்கள் பங்கு 1 சதவீதம். 3,000 ராண்ட் சம்பளம் என்றால் இரண்டும் சேர்ந்து 60 ராண்ட்தான். நாளை ஆர்டர் படுத்து அவரை நிறுத்த நேர்ந்தாலோ, அவர் பிள்ளைப்பேறுக்குப் போனாலோ, சில மாதங்கள் அவர் வீட்டில் அடுப்பெரிய உதவுவது அந்தப் பணம். கொதிக்கும் எண்ணெய் பக்கத்தில் நடக்கும் வேலை என்பதால், வேலையில் காயம்பட்டால் ஈடு தரும் இழப்பீட்டு நிதியிலும் உங்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

அப்புறம் கூலி. தென்னாப்பிரிக்கா முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி 2019இல் மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது. 2025 மார்ச்சில் அது 28.79 ராண்ட். ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும் என்பதால் அப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தாலும், மணிக் கணக்கில் பார்த்தால் அதற்குக் குறையக் கூடாது. இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: ஒருவரை இரண்டு மணி நேரம் மட்டும் வேலை வாங்கினாலும், அன்றைக்கு நான்கு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரமாக ஆறு நாள் வரச் சொன்னால் 24 மணி நேரக் கூலி ஆகிவிடும். அதே வேலையை நான்கு மணி நேரமாக மூன்று நாளில் முடித்தால் 12 மணி நேரக் கூலிதான். அவர்களுக்கும் மற்ற நாட்கள் வேறு வேலைக்குப் போக மிஞ்சும்.

வேலை நேரம், கூலி, விடுப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். வார்விக் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டில் கீரை விற்ற என் பாட்டி, உதவிக்கு வந்த பெண்ணுக்குக் காசோடு மீந்த கீரையையும் மடியில் கட்டி அனுப்புவார். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண் இருபது வருஷம் உழைத்ததற்குக் கடைசியில் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

வீட்டுச் சமையலறையாக இருந்தாலும், நகராட்சிச் சுகாதார அதிகாரி வந்து பார்த்துத் தரும் உணவுச் சான்றிதழ் தேவை. 2018இல் வந்த உணவுச் சுகாதார விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. சரக்கெடுக்கும் கடைக்காரர்கள் கேட்பதும் முதலில் அதைத்தான்.

டக்ஷாப் (சிறு பெட்டிக்கடை) வைத்திருக்கிறேன். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க 40,000 ராண்ட் வேண்டும். தெரிந்த ஒருவர் மாதம் 30 சதவீத வட்டிக்குத் தருகிறார். பேங்க் கார்டை அவரிடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். (ஃபீனிக்ஸ் வாசகர்)

தயவுசெய்து வாங்காதீர்கள். கார்டைப் பிடித்து வைப்பதே சட்டவிரோதம். 8,000 ராண்ட் வரையிலான குறுகிய காலக் கடனுக்கே சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி மாதம் 5 சதவீதம். கடன் கொடுப்பவர் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவரா என்று பாருங்கள்.

சரி, ஃப்ரிட்ஜ் தேவைதானா? ஒரு பாட்டிலில் உங்களுக்கு 3 ராண்ட் நிற்கிறது, மாதத் தவணை 1,800 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். தவணையை அடைக்க மட்டும் இப்போது விற்பதற்கு மேல் தினம் 20 பாட்டில் போக வேண்டும். போகுமா? குளிர்பானக் கம்பெனிகள் தங்கள் சரக்கை விற்கும் கடைகளில் தாங்களே ஃப்ரிட்ஜ் வைப்பதுண்டு. முதலில் அவர்களைக் கேளுங்கள்.

கடன்தான் வழி என்றால் செட்ஃபாவை அணுகலாம். ஆலோசனை தந்த செடாவும் கடன் தந்த செஃபாவும் 2024 அக்டோபரில் ஒன்றாகி உருவான அரசு அமைப்பு அது. போகும் முன் கடைக் காசையும் வீட்டுக் காசையும் தனித்தனிக் கணக்கில் போட்டு ஆறு மாதம் நடத்துங்கள். அந்த ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் உங்களுக்காகப் பேசும். 2024 நவம்பரில் அரசு அறிவித்த கடைப் பதிவை நகராட்சியில் முடித்தீர்களா? இல்லையென்றால் முதல் வேலை அது.

வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். இளைஞர்களை வேலைக்கு வைத்தால் வரியில் சலுகை உண்டாமே? அக்கா மகனைச் சேர்க்க நினைக்கிறேன். (டோங்காட்)

உண்டு. 2014 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 18 முதல் 29 வயது வரை, குறைந்த சம்பளக்காரர்களுக்கு. முதல் 12 மாதம் ஆளுக்கு மாதம் 1,500 ராண்ட் வரை, அடுத்த 12 மாதம் அதில் பாதி. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம், அதற்கு வரித் துறையில் நீங்கள் முதலாளியாகப் பதிந்திருக்க வேண்டும். ஆனால் சொந்தப் பெயரில் தொழில் நடத்துபவர் அக்கா மகனுக்கு இதைக் கோர முடியாது, நெருங்கிய உறவினர் கணக்கில் வரமாட்டார்கள். அக்கா மகனைத் தாராளமாகச் சேருங்கள். கூடவே தெருமுனையில் வேலையில்லாமல் நிற்கும் ஒரு பையனையும் சேர்த்தால் சலுகையும் வரும், ஒரு வீடும் நிமிரும்.

படித்துவிட்டு வேலையில்லை, வயது 24. செல்போன் ரிப்பேர் தொடங்க முதலில் கம்பெனி பதிய வேண்டுமா? (வெருலம்)

வேண்டாம், தம்பி. உங்கள் பெயரிலேயே தொடங்கலாம். கம்பெனி பதியச் செலவு குறைவுதான், ஆனால் வியாபாரமே நடக்காவிட்டாலும் வருஷா வருஷம் ஆண்டறிக்கை கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு பெண்களோடு சீருடை தைக்கிறோம். அரசு ஆஸ்பத்திரி ஆர்டருக்கு மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அரசுத் துறைகள் பில் கிடைத்த 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பில்லை யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதற்குக் கையெழுத்து அல்லது ஈமெயில் இருக்கிறதா? இருந்தால் அதை இணைத்து, அந்தத் துறையின் தலைமை நிதி அதிகாரிக்கு இன்றே எழுதுங்கள். இல்லையென்றால் பில்லின் பிரதியோடு நேரில் போய் முத்திரை வாங்கி வாருங்கள். அடுத்து வரும் தனியார் ஆர்டர்களுக்குத் துணிச் செலவை முன்பணமாகக் கேளுங்கள், அந்தப் பணம் வந்த பிறகு வெட்டத் தொடங்கினால் போதும்.