கழிவுநீர் நிலையப் பொறியாளர் குழுவை வழிநடத்த எது முக்கியம்?

சிங்கப்பூரின் கழிவுநீர் நிலையமொன்றில் பொறியாளர் குழுவை வழிநடத்துபவருக்குத் தொழில்நுட்ப அறிவு முக்கியமா, ஆள் நிர்வாகமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து.

கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் ஆழ்சுரங்கத்தில் கழிவுநீர் புவியீர்ப்பினால் தானாக ஓடி வருகிறது. ஆழத்தில் வந்து சேர்வதை மேலேற்றும் சுமையோ சாங்கி நிலையத்தின் பம்புகளைச் சேர்ந்தது. ஆகவே ஒரு பம்பைப் பராமரிப்புக்காக எப்போது நிறுத்துவது என்பதை இயந்திரப் பொறியாளர் தனித்து முடிவு செய்ய இயலாது. மின், செயல்முறை, பாதுகாப்புப் பிரிவினரையும் கலந்து முடிவெடுக்கச் செய்பவரே தலைவர்.

கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூட்டத் தொட்டியில் இது இன்னும் நுட்பமானது. மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்கும் இடம் அது என்பதால், காற்றைக் குறைக்கலாம் என்று இளம் பொறியாளர் எவரேனும் சொல்லக்கூடும். ஆனால் கழிவுநீரிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கு அந்தக் காற்று தேவை; அவை மெதுவாகவே பெருகுகின்றன. அவற்றை இழந்தால் மீட்க வாரங்கள் ஆகலாம். சுத்திகரித்த நீர், அதை மறுபயன்பாட்டுக்கான தூய நீராக்கும் நியூவாட்டர் ஆலைக்குச் செல்லுமிடத்தில், இந்தச் சறுக்கல் அங்கு நீரை வடிகட்டும் சவ்வுகளையும் பாதிக்கலாம். எனினும் அந்த யோசனையைத் தட்டிக்கழிக்காமல், ஒரு தொட்டியில் மட்டும் சோதித்துப் பார்க்க அனுமதிப்பதே நல்லது.

பாதுகாப்பில் மட்டும் விவாதத்திற்கு இடமில்லை. கழிவுநீரிலிருந்து எழும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு மிகும்போது மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும். ஆகவே வாயுமானி காட்டும் அளவு சரியில்லையெனில், கடைநிலைத் தொழில்நுட்பரும் வேலையை நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.