லேட் நைட் ஷோக்கள் எல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? ஸ்டாண்ட்-அப்பில் இருக்கும் துணிச்சல் அங்கே ஏன் இல்லை?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க லேட் நைட் ஷோ எதைத் திறந்தாலும் கோட்டு போட்ட ஓர் ஆண், முதுகுக்குப் பின்னால் இரவு நகரத்தின் படம், ஒரு மேசை, பக்கத்தில் விருந்தாளிக்கு ஓர் இருக்கை. முதலில் அன்றைய செய்தியை வைத்து மோனோலாக் (தனியாக நின்று அடுக்கும் ஜோக்குகள்), அப்புறம் புதுப் படத்துக்கு விளம்பரம் தேடி வந்த நடிகர். 1954-ல் ஸ்டீவ் ஆலன் என்பிசி சேனலில் டுநைட் ஷோவைத் தொடங்கியபோது உருவான அச்சு பெரிய மாற்றமில்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் "ஸ்டாண்ட்-அப்காரர்கள் தைரியசாலிகள், டிவிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள்" என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். கிளப்பில் துணிந்து பேசிய ஒருவர் டிவிக்கு வந்ததும் அடங்கிப்போகிறார் என்றால் அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். சொதப்புவதற்கு எங்கே அனுமதி இருக்கிறதோ அங்கேதான் புதுசு பிறக்கிறது.

ஸ்டாண்ட்-அப்பில் அந்த அனுமதி தினமும் கிடைக்கிறது. சின்ன கிளப்பில் புது ஜோக் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார், யாரும் சிரிக்கவில்லை. நஷ்டம் அந்த அறையோடு முடிந்தது. மறுநாள் ஒரு வரியை வெட்டி, இடைவெளியை மாற்றி, வேறொரு அறையில் திரும்பவும் போடுகிறார். நாம் ஸ்பெஷலில் (ஒரே கலைஞரின் முழு நீள மேடைப் பதிவு) பார்க்கும் ஒரு மணி நேரம் மாதக்கணக்கில் இப்படி அடிபட்டுத் தேறியது. ஸ்டாண்ட்-அப்காரர் ஜார்ஜ் கார்லின் 1977 முதல் 2008 வரை எச்பிஓ சேனலில் 14 ஸ்பெஷல் கொடுத்தார். ஒன்று முடிந்ததும் பழசை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத உட்காருவார். டிவி மோனோலாக்குக்கு அந்த வசதி கிடையாது. காலையில் எழுதி, சாயங்காலம் பதிவு செய்து, இரவு ஒளிபரப்பி, மறுநாள் குப்பையில் போட வேண்டும். வாரத்தில் நான்கைந்து நாள் இப்படி ஓடினால் எவ்வளவு பெரிய திறமைசாலியும் கைக்கு எளிதாக வருவதைத்தான் எடுப்பார்.

எல்லா ஷோவும் ஒரே நாளில் ஒரே செய்தியை மெல்லுவதால் ஜோக்குகளும் மோதிக்கொள்கின்றன. 2015 சூப்பர் பௌலில் (அமெரிக்க ஃபுட்பால் இறுதிப்போட்டி) சியாட்டில் அணி கடைசி நேரத்தில் ஒரு தப்பான முடிவெடுத்துத் தோற்றது. சிறந்த ஆட்டக்காரர் என்று தனக்குக் கிடைத்த வண்டியை, வெற்றிக்குக் காரணமான வீரருக்கே கொடுக்கப்போவதாக எதிரணியின் டாம் பிரேடி சொன்னார். அப்படியானால் அது சியாட்டில் கோச்சுக்குத்தான் போக வேண்டும் என்பது ஜோக். லேட் நைட் ஹோஸ்ட் கோனன் ஓ'பிரையனின் ஷோவில் அது வந்தது. தான் முன்பே இணையத்தில் போட்ட ஜோக் அது என்று ஒரு எழுத்தாளர் வழக்குப் போட்டார், கூடவே வேறு சில ஜோக்குகளையும் சேர்த்து. அன்றாடச் செய்தியிலிருந்து பிறக்கும் இத்தகைய ஜோக்குகளுக்குக் பதிப்புரிமைப் பாதுகாப்பு மிக மெலிதானது என்று நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2019-ல் சமரசத்தில் முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். அந்தச் செய்தியைக் கேட்ட எத்தனை பேருக்கு அதே ஜோக் தோன்றியிருக்கும் என்று யோசியுங்கள். இந்த வேலையில் சொந்தச் சரக்கு என்பதன் எல்லை அவ்வளவுதான்.

ஆனாலும் லேட் நைட் வரலாற்றில் பைத்தியக்காரத்தனமான காலங்கள் உண்டு. அவை எந்த நேரத்தில் வந்தன என்று கவனியுங்கள். பெரும்பாலும் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு மேல், சேனல் தலைவர்கள் தூங்கப் போன பிறகு.

டேவிட் லெட்டர்மன் 1982 பிப்ரவரியில், டுநைட் ஷோவை நடத்திக்கொண்டிருந்த ஜானி கார்சனுக்கு அடுத்த நேரத்தில், லேட் நைட் என்ற ஷோவைத் தொடங்கினார். அதைச் சேர்ந்து தயாரித்தது கார்சனின் சொந்த நிறுவனம். டுநைட் ஷோவைப் போல இருக்கவே கூடாது என்று நிபந்தனை: தொடக்க மோனோலாக் சுருக்கமாக இருக்க வேண்டும், கார்சனுக்கு இருந்த எட் மெக்மேனைப் போல பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஓர் ஆள் கூடாது, பெரிய இசைக்குழு கூடாது. வழக்கமான தூண்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த நேரத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டுமே. லெட்டர்மனும் தலைமை எழுத்தாளர் மெரில் மார்கோவும் நிரப்பியவைதான் பிறகு எல்லோரும் காப்பியடித்தவை. வெல்க்ரோ உடை போட்டுக்கொண்டு சுவரில் பாய்ந்து ஒட்டிக்கொள்வது, சிம்பன்சியின் முதுகில் கேமராவைக் கட்டி ஸ்டுடியோவில் அலையவிடுவது, மாடியிலிருந்து பொருள்களைப் போட்டு உடைப்பது. 1986-ல் ஒரு எபிசோட் முழுக்கப் படம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. பாதி நிகழ்ச்சியில் எல்லோரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். பதினொன்றரை மணி ஷோவில் யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும்.

அந்த நாற்காலிக்கு 1993-ல் வந்த கோனன் அதுவரை மேடைக்குப் பின்னால் எழுதிக்கொண்டிருந்தவர், பார்வையாளர்களுக்கு முகமே தெரியாது. விமர்சகர்கள் கிழித்தார்கள். சேனல் அவருடைய ஒப்பந்தத்தை ஒரு கட்டத்தில் 13 வாரம், 13 வாரமாக நீட்டித்துக்கொண்டிருந்தது. எப்போது தூக்குவார்கள் என்று தெரியாத அந்த வருடங்களில்தான் அவரும் எழுத்தாளர்களும் தங்களுக்குச் சிரிப்பு வருவதை மட்டும் எழுதினார்கள். பார்வையாளர் பிறகு மெதுவாக வந்து சேர்ந்தார்கள். இன்று எந்தச் சேனலும் ஒரு புது ஆளுக்கு அவ்வளவு காலம் கொடுக்காது என்று நினைக்கிறேன்.

2009 ஜூனில் டுநைட் ஷோ அவர் கைக்கு வந்தது. நேரம் முன்னால் வந்ததும் அவருக்குள் ஒரு தயக்கம் தெரிந்தது. எனக்கு அப்படித்தான் பட்டது, நண்பர்கள் சிலர் இதற்குச் சண்டைக்கு வருவார்கள். (ரேட்டிங் விழுந்ததற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. பத்து மணிக்கு வந்த ஜே லெனோவின் ஷோ பலவீனமாக இருந்ததால் அடுத்து வந்த செய்திக்கும், அதன்பின் வந்த இவருக்கும் அடி விழுந்தது.) ஏழு மாதத்தில், 2010 ஜனவரியில், வெளியேற வேண்டியதாயிற்று. அந்தக் கடைசி நாட்களைப் பாருங்கள். போவது உறுதியானதும் என்பிசியின் காசைக் கரைக்கிறேன் என்று சொல்லி ஒரு புகாட்டி காருக்கு எலி வேஷம் போட்டு மேடையில் நிறுத்தினார். விலையுயர்ந்த பாடல் ஒன்றையும் பின்னணியில் போட்டுவிட்டு, இதற்கு 15 லட்சம் டாலர் செலவு என்று அறிவித்தார். கணக்கு வெறும் ஜோக்தான். ஆனால் பழைய கோனன் முழுதாகத் திரும்ப வந்திருந்தார். இழக்க எதுவும் இல்லாத ஆளுக்குச் சொதப்பலைப் பற்றி என்ன கவலை?

கிரெய்க் ஃபெர்குசனும் பன்னிரண்டரை மணி ஆள்தான். விருந்தாளி உட்கார்ந்ததும் கேள்வி அட்டைகளைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சும்மா பேசுவார். பக்கத்தில் உதவியாளராக ஓர் எலும்புக்கூடு ரோபோ. 2010-ல் ஆங்கில நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை வந்தபோது பார்வையாளர்களையே அனுமதிக்கவில்லை. காலி ஸ்டுடியோவில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் பேசினார்கள். சிரிப்பொலி கழன்றதும் பேட்டி எவ்வளவு மாறிவிடுகிறது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

ஸ்டாண்ட்-அப்பும் லேட் நைட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம், ஸ்டாண்ட்-அப்காரர் பில் ஹிக்ஸின் கதை. 1993 அக்டோபர் 1 அன்று, லெட்டர்மன் அந்த ஆண்டுதான் சிபிஎஸ் சேனலில் தொடங்கியிருந்த பதினொன்றரை மணி ஷோவுக்காக ஐந்தாறு நிமிடம் பேசினார். கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள், ஈஸ்டர் பண்டிகை, மதம் எல்லாவற்றையும் தொட்டார். அரங்கில் நல்ல சிரிப்பு. இத்தகைய ஷோவில் ஸ்டாண்ட்-அப்காரர் என்ன பேசப்போகிறார் என்பது முன்கூட்டியே வரி வரியாகப் பார்க்கப்படும், ஆகவே யாருக்கும் அது திடீர் அதிர்ச்சியாக இருந்திருக்காது. இருந்தும் பதிவான பிறகு அவர் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில், 32 வயதில், புற்றுநோயில் ஹிக்ஸ் இறந்தார். 2009 ஜனவரியில் லெட்டர்மன் அவருடைய அம்மாவை ஷோவுக்கு அழைத்து, வெட்டியது தன் முடிவுதான் என்று மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதியை முழுதாக ஒளிபரப்பினார். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, இதற்காகவா வெட்டினார்கள் என்பதுதான். வெல்க்ரோ சுவரில் பாய்ந்த அதே லெட்டர்மன் பதினொன்றரை மணிக்கு வந்ததும் ஒரு ஸ்டாண்ட்-அப்பைக் கண்டு தயங்கினார். ஆள் மாறவில்லை, நேரம் மாறியிருந்தது.

இன்னொன்று. ரிஸ்க் என்று சொல்லும்போது பலர் கெட்ட வார்த்தையையும் அரசியலையும் மட்டுமே நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. ஸ்டாண்ட்-அப்காரர் லென்னி புரூஸை 1964-ல் நியூயார்க்கில் ஆபாசக் குற்றத்துக்காகத் தண்டித்தார்கள். 1966-ல் அவர் இறந்து, 2003-ல்தான் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். கார்லினை 1972-ல் மில்வாக்கியில் மேடையில் பேசியதற்காகக் கைது செய்தார்கள். இன்று அதே வார்த்தைகளை ஸ்பெஷலில் சொல்பவருக்குப் போலீஸ் வராது, காசோலை வரும். "இப்போதெல்லாம் எதையும் பேச முடிவதில்லை" என்பதையே ஒரு மணி நேரம் பேசி, அதற்கு ஆரவாரமும் வாங்கிக்கொள்பவரைத் துணிச்சல்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் கூட்டம் எதற்குக் கைதட்டும் என்று தெரிந்தே போகிறார்.

என் கணக்கில் 2008-ல் நகைச்சுவை நடிகர் பாப் சாகெட்டைக் கலாய்க்கும் ரோஸ்ட் நிகழ்ச்சியில் ஸ்டாண்ட்-அப்காரர் நார்ம் மெக்டொனால்ட் செய்ததுதான் அசல் ரிஸ்க். ஆளாளுக்கு எவ்வளவு அசிங்கமாகத் திட்டலாம் என்று போட்டி போடும் மேடை அது. அங்கே போய், ஓய்வுபெறும் பெரியவருக்கான பாராட்டு விழாவில் படிப்பதைப் போல, துண்டுச்சீட்டைப் பார்த்துப் பார்த்து மகா மொக்கையான கடி ஜோக்குகளாக வாசித்தார். கூட்டத்துக்குப் புரியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சக கலைஞர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரும் கத்தும் இடத்தில் அதிர்ச்சிக்கு மதிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1975-ல் சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி நகைச்சுவைத் தொடரின் முதல் நிகழ்ச்சியில் நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் செய்ததும் இதே ஜாதி. நேரடி ஒளிபரப்பில் ஒரு ரெக்கார்ட் பிளேயரில் கார்ட்டூன் பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் நெளிந்தபடி நின்றார். ஒரே ஒரு வரி வரும்போது மட்டும் கம்பீரமாகக் கையைத் தூக்கி வாயசைத்தார். மறுபடியும் நெளிந்துகொண்டு அடுத்த முறைக்காகக் காத்திருந்தார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. சிரிக்கலாமா கூடாதா என்று பார்ப்பவரைத் திண்டாட வைப்பதற்குக் கெட்ட வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். கருத்தில் ரிஸ்க் இன்றும் இருக்கிறது, நிஜமாகவே. 2025 செப்டம்பரில் ஒரு மோனோலாக்கில் சொன்னதற்காக ஜிம்மி கிம்மல் ஷோவை ஏபிசி நிறுத்தி வைத்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. அந்த மனிதரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வடிவத்தில் பாருங்கள், அதே மேசை, அதே கோட்டு, அதே வரிசை. துணிச்சலும் புதுமையும் ஒன்றாகத்தான் வரும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், இரண்டும் அடிக்கடி தனித்தனியாகத்தான் வருகின்றன.

பணமும் வற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டீஃபன் கோல்பேரின் லேட் ஷோ 2026 மே மாதத்தோடு முடியும் என்று சிபிஎஸ் 2025 ஜூலையில் அறிவித்தது. முழுக்க நிதிக் காரணம் என்றது, அதை எல்லோரும் நம்பவில்லை. செத் மேயர்ஸ் ஷோவில் செலவைக் குறைக்க 2024-ல் இசைக்குழுவையே எடுத்துவிட்டார்கள். சிபிஎஸ்ஸில் ஜேம்ஸ் கார்டன் என்ற ஹோஸ்ட் விட்டுப்போன பன்னிரண்டரை மணி இடத்துக்கு வந்த அடுத்த நிகழ்ச்சியும் நிற்கவில்லை. எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்தக் கடைசிச் செய்திதான். பதினொன்றரை போனால் ஒரு பெரிய ஹோஸ்ட் போகிறார். பன்னிரண்டரை போனால் அடுத்த கோனன் சொதப்பிப் பழக இடமே இல்லை. அந்த வேலையை இப்போது பாட்காஸ்ட்டும் யூடியூபும் செய்கின்றன என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அங்கே உடைத்துப் போட ஒரு பெரிய சேனலின் ஸ்டுடியோ கிடைக்காதே.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். லெட்டர்மனின் 1982 முதல் 1988 வரையிலான துண்டுகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன, வரிசை பார்க்க வேண்டாம், கிடைத்ததைப் பாருங்கள். அப்புறம் நார்ம் 2009-ல் கோனனிடம் சொன்ன விட்டில்பூச்சி ஜோக். சின்ன ஜோக்கை ரஷ்ய நாவல் அளவுக்கு இழுத்துக்கொண்டே போவார், பொறுமையாக உட்காருங்கள். ஸ்டாண்ட்-அப்பில் மரியா பாம்ஃபோர்ட் 2012-ல் தன் வீட்டிலேயே, தன் அப்பா அம்மா இருவரை மட்டும் பார்வையாளர்களாக உட்காரவைத்து எடுத்த ஸ்பெஷல். அம்மாவைப் பற்றிய ஜோக்கை அம்மாவிடமே சொல்கிறார். அதைப் பார்த்துவிட்டு, பிடித்ததா இல்லையா என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.