உயரத்தை மட்டும் வைத்து நம் உடம்பின் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

தோராயமாக முடியுங்க. உடம்பின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளிதான் ஈர்ப்பு மையம். நிமிர்ந்து நிற்கும் பெரியவர்களுக்கு, தரையிலிருந்து உயரத்தில் சுமார் 55 முதல் 57 சதவீதம். பெண்களுக்குச் சற்றுக் கீழே, ஆண்களுக்குச் சற்று மேலே. சின்னக் குழந்தைகளுக்கு இது ஒத்துவராது. தலை பெரிது, மையம் இன்னும் மேலே ஏறிவிடும்.

கல்லூரி பிராஜக்டுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் சதவீதத்தை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஈரோட்டில் எனக்கு மஞ்சள் குடோன். மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக அங்கேதான் அளந்தோம்.

இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பலகை. ஒரு முனைக்கு அடியில் செங்கல் மேல் கவிழ்த்த இரும்பு ஆங்கிள். மறுமுனைக்கு அடியில் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு, அதன் மேலும் ஓர் ஆங்கிள். செங்கல் இருக்கிற உயரத்துக்குத் தராசையும் சமமாக்கி, பலகையின் எடையைக் கழித்துப் பூஜ்யம் வைத்தோம். உள்ளங்கால் செங்கல் பக்கத்து ஆங்கிளுக்கு நேராக வருமாறு நான் மல்லாந்து படுத்தேன். மூட்டை இறக்க வந்த அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "விரலி மஞ்சளா கிழங்கு மஞ்சளான்னு பார்த்து ரேட்டு போடு அம்மிணி" என்றார்.

தராசு 32.3 கிலோ காட்டியது. ஆங்கிள்களுக்கு இடையில் 200 செ.மீ. அதால் பெருக்கி, என் எடை 68 கிலோவால் வகுத்தால் 95 செ.மீ. என் உயரம் 170. ஆக, ஏறக்குறைய 56 சதவீதம்.

இயற்பியல் வாத்தியார்கள் சண்டைக்கு வர வேண்டாம். படுத்தால் வயிற்றுக்குள் இருப்பது தலைப்பக்கம் கொஞ்சம் நகரும், நிற்கும்போது உள்ள அளவு சற்று மாறும் என்று பி.காம். படித்த எனக்கும் தெரியும்.

கண்காட்சிக்கு வந்த நடுவர், "தொப்புள்தானே பாப்பா மையம்?" என்றார். எனக்குத் தொப்புள் 102 செ.மீ.யில் இருக்கிறது, மையத்துக்கு நாலு விரல் மேலே! 17ஆம் நூற்றாண்டிலேயே பொரெல்லி என்ற இத்தாலியர் ஆளைப் பலகையில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார் என்று மகள் சொல்ல ஆரம்பித்தாள். நடுவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முதல் பரிசு, கடையில் வாங்கி வந்த எரிமலைக்கு. சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் பொங்குமாம். மாடல் விற்கிற கடைக்காரருக்கே சான்றிதழைக் கொடுத்திருக்கலாம். இவளுக்குக் கிடைத்த பங்கேற்புச் சான்றிதழில் பேரும் தப்பு.

சரி, விடுங்க. படுக்கும்போது கைகளை உடம்போடு ஒட்டி வையுங்கள். தலைக்கு மேல் நீட்டினால் மையமும் மேலே நகரும். அதையும் மகள் தனியாக அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நடுவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.