டெக்சாஸிலும் நீக்கச் சொல்லும் உரிமை இருக்கிறது

கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாறிவிட்டீர்கள், ஆள் தேடும் தளம் ஒன்றில் உங்கள் கைபேசி எண்ணும் முகவரியும் கிடக்கின்றன, நீக்கக் கேட்டால் "நீங்கள் இப்போது கலிபோர்னியாவில் இல்லையே" என்று கையை விரிக்கிறார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கலிபோர்னியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான், சரி. ஆனால் டெக்சாஸுக்கென்றே ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் (Texas Data Privacy and Security Act) 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது, அதைப் பற்றி அவர்கள் வாயே திறக்காததுதான் எனக்குக் கோபம்.

திரும்ப எழுதுங்கள். டெக்சாஸ் சட்டத்தின் பெயரைச் சொல்லி, தரவை நீக்கவும் வேண்டும், விற்கவும் கூடாது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலுக்கு 45 நாள் கெடு, காரணம் சொல்லி இன்னொரு 45 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் அவர்களிடமே மேல்முறையீடு செய்யுங்கள், அதற்கு 60 நாளில் எழுத்தில் பதில் தரவேண்டும். அதுவும் தோற்றால் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் நீங்களே வழக்குப் போட முடியாது, அது பெரிய குறைதான், ஆனால் அட்டர்னி ஜெனரல் நோட்டீஸ் விட்டு 30 நாளில் சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு மீறலுக்கும் 7,500 டாலர் வரை அபராதம் கேட்கலாம்.

ஒரு விஷயம், வீடு வாங்கியிருந்தால் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சொத்துப் பதிவில் உங்கள் பெயர் இருக்கும். அரசுப் பதிவிலிருந்து எடுத்த பொதுத் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் முகவரியை நீக்க மறுக்கக்கூடும். கைபேசி எண்ணை முதலில் குறிவையுங்கள். அப்புறம், அவர்கள் அனுப்பிய மறுப்பு மின்னஞ்சலை அழிக்காமல் வையுங்கள், புகாரோடு இணைக்க அது வேண்டும்.