சிங்கப்பூர் குரூஸ்ல புக்கெட்ல இறங்குற அன்னைக்கு ஸ்கூபா (கடலுக்கு அடியில டைவ்) பண்ண முடியுமா?

நம்ம காரைக்குடிக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கீங்க. தாராளமா பண்ணலாம்ண்ணே, ஆனா நேரம்தான் எல்லாமே, புக்கெட் இருக்கிற தாய்லாந்து மணி சிங்கப்பூரை விட 1 மணி நேரம் பின்னாடி, அதனால கப்பல் எந்த மணிப்படி ஓடுதுன்னு ரிசப்ஷன்ல கேட்டு வாட்ச்ல அதையே வச்சுக்கிட்டு இறங்குங்க, நான் அப்படித்தான் செஞ்சேன். புக்கெட்டோட படோங் பீச் பக்கம் பெரிய கப்பலெல்லாம் கடல்லயே நங்கூரம் போட்டு சின்ன போட்லதான் கரைக்கு கொண்டு விடுவாங்க, அந்த வரிசையிலயே நேரம் போயிடும். அதனால ராச்சா தீவுக்குப் போற முழு நாள் டிரிப் வேணாம், டைவ் கடைக்காரங்ககிட்ட கப்பல் கிளம்புற நேரத்தை முன்கூட்டியே சொல்லி அரை நாளா கேளுங்க. டைவிங் கத்துக்கிட்டதுக்கான சர்டிபிகேட் கார்டு மறக்காதீங்க.

இன்னொண்ணு, கடைசி டைவ் முடிஞ்சு திருச்சி பிளைட் ஏற 18 மணி நேரமாவது கேப் இருக்கணும், டைவ்ல உடம்புல கரைஞ்ச நைட்ரஜன், பிளைட்ல நாம மேல போனா குமிழியாகும், இதுல மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்கண்ணே.