பையனை எதில் சேர்ப்பது என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, பத்தாம் வகுப்பு முடித்த பதினாறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அங்கே ‘டி லெவல்’ என்று ஒரு தொழிற்படிப்பு சொல்கிறார்கள், சேர்க்கலாமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகை, குளிருக்கு என்ன வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிர்க் கோட்டு அங்கே போய் வாங்குங்கள், நம்மூரில் விற்பது அந்தக் குளிருக்குத் தாங்காது. வாடகை ஊருக்கு ஊர் மாறும், கூட வேலை பார்க்கப் போகிறவர்கள் சொல்வார்கள். பையன் விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான் பட்டிருக்கிறேன்.

2008-ல் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் போய் இறங்கினோம். மூத்தவனுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளியில் பாடம் தேர்ந்தெடுக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘பிடெக் ஃபர்ஸ்ட்’ என்று ஒரு தொழிற்பாடம், அது ஒன்றே நான்கு ஜிசிஎஸ்இக்குச் சமம் என்றார்கள். ஜிசிஎஸ்இ என்பது நம் பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி, பாடத்துக்குப் பாடம் தனிச் சான்று. ஒன்று படித்தால் நான்கு என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊரில் அக்காவுக்குப் போன் செய்தால், மருமகன் பி.டெக். படிக்கிறான் என்று வீரவநல்லூர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நீங்களும் அந்தப் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அந்த பிடெக் பள்ளிக்கூடச் சான்று, பட்டம் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து ஏ லெவலில், அதாவது நம் +2 மாதிரியான படிப்பில், இயற்பியல் கேட்டுப் போனோம். அந்த நான்கையும் யாரும் பொருட்படுத்தவில்லை. கணக்கில் என்ன கிரேடு என்று மட்டும் கேட்டார்கள். பி வேண்டும், அவனிடம் இருந்தது சி. சேர்க்கை பார்த்த அம்மா மதிப்பெண் தாளை எங்கள் பக்கம் திருப்பி, பேனா முனையால் அந்த ஒரே வரியைத் தொட்டுக் காட்டினார். மகன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறு வருஷமே, 2011-ல், பேராசிரியர் அலிசன் வுல்ஃப் அரசுக்குக் கொடுத்த அறிக்கை வந்தது. பதினாறு முதல் பத்தொன்பது வயதுக்குள் குறைந்தது 3,50,000 பேர் படிக்கிற படிப்பால் அவர்களுக்குப் பெரிதாக ஒரு பயனும் இல்லை என்று அதில் இருந்தது. பள்ளிகளின் தரவரிசையில் எந்தத் தொழிற்பாடமும் ஒரு ஜிசிஎஸ்இக்கு மேல் கணக்கில் வராது என்று 2014 முதல் மாற்றினார்கள். தரவரிசைக்காகப் பிள்ளைகளை அதில் தள்ளிவிட்ட பள்ளிகள் அப்புறம்தான் அடங்கின. என் பிள்ளைக்கு அது உதவவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, டி லெவல். 2020 செப்டம்பரில் தொடங்கினார்கள். இரண்டு வருஷப் படிப்பு, மூன்று ஏ லெவலுக்குச் சமம். குறைந்தது 315 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் நேரடியாக வேலை பழக வேண்டும். நல்ல படிப்பு என்றே சொல்வேன். ஆனால் இரண்டு வருஷமும் ஒரே துறைதான். கம்ப்யூட்டர் என்று சேர்ந்துவிட்டுப் பாதியில் மனசு மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பையனுக்கு எது பிடிக்கும் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சேருங்கள். 2027-லிருந்து ‘வி லெவல்’ என்று இன்னொன்று வரப்போவதாக 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. ஒவ்வொன்றும் ஒரு ஏ லெவலுக்குச் சமம், ஏ லெவலோடு கலந்தும் படிக்கலாம். பதினாறுக்கு மேல் படிக்கிற பிடெக் படிப்புகளைப் படிப்படியாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைக் கொண்டுவருகிறார்கள். எல்லாம் மாறிக்கொண்டிருக்கிற நேரத்தில் போகிறீர்கள். அதனால் கல்லூரியில் சேர்க்கும்போது, இது மூன்றாம் நிலைப் படிப்பா (ஏ லெவல் அளவு; அதற்குக் கீழே ஜிசிஎஸ்இ அளவுதான் இரண்டாம் நிலை), இவன் போக நினைக்கிற பல்கலைக்கழகம் இதை ஏற்குமா, வேலைப் பயிற்சிக்கு இடம் யார் பிடித்துத் தருவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டாம் நிலையில் சேர்த்துவிட்டு, பையன் காலேஜ் போகிறான் என்று நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும். நம்மூர் வழக்கத்தில் வாத்தியார் முன்னால் கைகட்டி நின்றவன்தான் நானும். அங்கே போய், எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இளையவள் படிப்பில் ஒரு தப்பும் நடக்கவில்லை.

இதைவிட முக்கியமானது பணம். பதினெட்டு வயது வரை கல்லூரிக்கு உங்கள் கையிலிருந்து கட்டணம் போகாது. பல்கலைக்கழகம் அப்படி இல்லை. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, கிடைக்கும்வரை வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான், உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுவதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும், கல்விக் கடனும் கிடையாது. எங்களுக்கு பி.ஆர். வர ஐந்து வருஷம் ஆனது. இப்போது அதை இன்னும் நீட்டப் போவதாகப் பேச்சு. உங்கள் பையன் பதினெட்டில் நிற்கும்போது உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். ஏஜெண்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள். என் மகன் மூன்றாம் நிலை எஞ்சினியரிங் பிடெக்கை 2012-ல் முடித்துவிட்டு, ஒரு வருஷம் கியர் பட்டறையில் வேலை பார்த்துக் காத்திருந்தான். 2013-ல் பி.ஆர். வந்த பிறகுதான் பல்கலைக்கழகம் போனான்.

அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று, தொழிற்படிப்பா, ஏன், படிப்பு வரவில்லையா என்று கேட்பார்கள். அதைப் பிள்ளையின் காதுபடவே கேட்பார்கள். என் மகன் பட்டறைக்குப் போன அந்த ஒரு வருஷமும் நான் அந்த வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. அம்பாசமுத்திரத்தில் +2 படித்தபோது நான் வொகேஷனல் குரூப், ஜெனரல் மெஷினிஸ்ட். கல்யாண வீட்டில் என்ன குரூப் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் பந்திப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முதல் மூன்று மாதம் சார் லேத்தைத் தொடவே விடவில்லை. ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவச் சொன்னார். ராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்ப ராவ வேண்டும். சாயங்காலம் தாமிரபரணியில் குளிக்கும்போது உள்ளங்கைக் கொப்புளங்கள் தண்ணீர் பட்டு எரியும். கோவென்ட்ரியில் எனக்கு வேலை கொடுத்தவரும் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு துண்டையும் அரத்தையும்தான் நீட்டினார். அரைமணி நேரத்தில் ராவிக் கொடுத்தேன். அவரும் மூலைமட்டத்தை வைத்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மறுநாளே வரச் சொன்னார்.

ஆடி கடைசி வரை வீரவநல்லூரில்தான் இருப்பேன். பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் வாருங்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வாருங்கள். ஜிசிஎஸ்இ கணக்கு, ஆங்கிலம் பழைய வினாத்தாள்கள் என்னிடம் இருக்கின்றன. கல்லூரியில் முதலில் அந்த இரண்டில்தான் சோதித்துப் பார்ப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து அவன் ஒரு தாள் போடட்டும், எங்கே இடிக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.