மகள் எச்.ஐ.வி. ஆராய்ச்சிக்குச் செல்லலாமா? ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நுண்ணுயிரியல் இளநிலை இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகள், வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொள்ளாமல் எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்க உதவும் சிகிச்சைத் தடுப்பூசி ஆராய்ச்சியில் சேர விரும்புவதாகவும், அதைக் கேட்ட நாள் முதல் வீட்டில் அமைதி இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் அவருக்குத் தொற்று ஏற்பட்டுவிடுமோ என்பதும், நாற்பது ஆண்டுகளாகக் கைக்கு எட்டாத ஒன்றை நம்பி இளமையைச் செலவிடலாமா என்பதும், வருமானம் எப்படி இருக்கும் என்பதும் தங்கள் கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் "நாளை வரன் பார்க்கும்போது" என்று தொடங்கி, பிறகு அடித்துவிட்ட வரியையும் படித்தேன். அதற்கும் பதில் சொல்ல விரும்புகிறேன்.

தொற்று பற்றிய அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். எச்.ஐ.வி. காற்றில் பரவாது, தொடுவதால் ஒட்டாது. தொற்றுள்ள ரத்தம் படிந்த ஊசி தவறுதலாகத் தோலைத் துளைத்துவிட்டால்கூடத் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம்தான், அதாவது ஆயிரத்தில் மூன்று. அப்போதும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து, அந்தச் சிறிய வாய்ப்பையும் பெருமளவு குறைத்துவிடுகிறது. இந்தத் துறையில் பலருடைய அன்றாட வேலை உயிருள்ள வைரஸுடன் நடப்பதும் இல்லை. செல்களை எண்ணுவதும் மரபணு வரிசைகளை ஒப்பிடுவதும் கணினியில் தரவுகளைப் பகுத்தாய்வதுமாகவே பெரும்பகுதி கழிகிறது. சேரப்போகும் ஆய்வகத்தில் பாதுகாப்புப் பயிற்சி முறையாக அளிக்கிறார்களா என்று தங்கள் மகள் கேட்டறிந்தால் போதும்.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் தங்கள் மகள் எதைத் தேடிச் செல்கிறார் என்பது தெரிந்தால்தான் அது வீண் கனவா இல்லையா என்று தாங்கள் முடிவு செய்ய இயலும். நாம் அறிந்த தடுப்பூசிகள் நோய் வருமுன் காப்பவை. சிகிச்சைத் தடுப்பூசியோ ஏற்கெனவே தொற்றுள்ளவருக்கு அளிக்கப்படுவது. இன்றைய ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து, வைரஸ் பெருகுவதைத் தடுத்து, ரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அதைக் குறைத்துவிடுகிறது. அந்நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட வைரஸ் பிறருக்குப் பரவுவதில்லை. ஆனால் உறங்கும் நிலையில் உள்ள சில சி.டி.4 எனும் நோயெதிர்ப்புச் செல்களின் மரபணுவுக்குள்ளேயே வைரஸ் தன்னைப் பதித்துக்கொண்டு காத்திருக்கிறது என்பது 1997இல் உறுதியானது. அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதங்கள் ஆகும் என்றும், மருந்தை மட்டும் கொண்டு முழுவதும் தீர்க்க 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றும் பின்னர் கணக்கிட்டார்கள். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் வைரஸ் மீண்டும் தலைதூக்குவதற்கு இதுவே காரணம்.

இருந்தும், தொற்றுள்ளவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள் மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுள் பலரது உடலில் சி.டி.8 எனும் டி செல்கள் (தொற்றை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள்), வைரஸ் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாத பகுதிகளைக் குறிவைத்துத் தாக்குகின்றன. அந்தத் திறமையை மற்றவர்களின் செல்களுக்கும் கற்பிக்க முடியுமா என்பதுதான் தங்கள் மகளை ஈர்த்திருக்கும் கேள்வி. வைரஸை முற்றிலும் அழிப்பதைவிட எளிய இலக்கு இது, எனினும் எட்டுவதற்குக் கடினமானது.

தோல்விகளை மறைக்காமல் சொல்கிறேன். போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க் 1987இலேயே இந்த யோசனையை முன்வைத்தார். அதன்வழி உருவான ரெம்யூன் என்ற ஊசி, ஏறத்தாழ 2,500 பேரிடம் நடந்த சோதனையில் பயன் தராததால், அச்சோதனை 1999இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும் பல முயற்சிகள் சறுக்கின. அண்மைக் காலத்தில்தான் சில நம்பிக்கைக் கீற்றுகள் தெரிகின்றன. பார்சிலோனாவில் 45 பேரிடம் நடந்த சோதனையில், வைரஸை அடக்க உதவும் மரபணு அமைப்பு இயல்பாக இல்லாதவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, தடுப்பூசி பெற்ற 20 பேரில் 8 பேரால் 22 வாரங்கள் மருந்தின்றி இருக்க முடிந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி ஊசி பெற்ற 12 பேரில் ஒருவரால் மட்டுமே முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் தடுப்பூசியையும் வலிமையான எதிர்ப்புப் புரதங்களையும் (ஆன்டிபாடி) சேர்த்து அளித்த 10 பேரில் 7 பேருக்கு, மருந்தை நிறுத்திய பிறகு வைரஸ் மெதுவாகவோ குறைந்த அளவிலோதான் திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தொற்று ஏற்பட்ட மிகத் தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்ற 20 பெண்களிடம் நடந்த ஆய்வில் தடுப்பூசி அளிக்கப்படவில்லை, எதிர்ப்புப் புரதங்களும் நோயெதிர்ப்பைத் தூண்டும் ஒரு மருந்துமே அளிக்கப்பட்டன. அங்கும் சோதனை முடியும்வரை 6 பேர் மருந்தின்றி இருந்தார்கள். டர்பன் ஆய்வு நமக்கு நெருக்கமானது, ஏனெனில் அங்குள்ளதைப் போலவே இந்தியாவிலும் பெரும்பான்மையாகக் காணப்படுவது சி வகை வைரஸ்.

இவை சிறிய எண்கள். சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவே இல்லை. ஆகவே பத்து ஆண்டுகளில் மருந்துக் கடையில் இத்தடுப்பூசி கிடைக்கும் என்று எவரேனும் தங்கள் மகளிடம் சொன்னால் நம்ப வேண்டாம். மேலும், இந்த ஆய்வுகளில் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே மருந்து நிறுத்தப்பட்டது. இத்துறையில் படிப்பவரிடம் உறவினரோ அறிமுகமானவரோ "மாத்திரையை விட்டுவிடலாமா" என்று கேட்கும் நாள் நிச்சயம் வரும். தானாக ஒருபோதும் நிறுத்தக்கூடாது என்பதே அவர் சொல்ல வேண்டிய பதில்.

அப்படியானால் எதை நம்பிச் செல்வது? தடுப்பூசி வெற்றி பெறும் என்பதை நம்பி அல்ல, அதைத் தேடும்போது கைவரும் திறன்களை நம்பித்தான் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டி செல்களை ஃப்ளோ சைட்டோமெட்ரி எனும் லேசர் ஒளி முறை மூலம் பிரித்தறிவது, வைரஸ் மரபணு வரிசையைப் படிப்பது, ஆர் எனும் கணினி மொழியில் தரவுகளைக் கையாள்வது ஆகியவற்றைக் கற்றவருக்குக் காசநோய், ஹெபடைடிஸ் பி, புற்றுநோய்த் தடுப்பூசி என எத்திசையிலும் இடமுண்டு. செல்லுக்குள் உறங்கும் எச்.ஐ.வி.யை எழுப்பி வெளிக்கொணர, எம்.ஆர்.என்.ஏ. எனும் மரபணுச் செய்தி மூலக்கூறைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கொழுப்புத் துகள்களை மெல்போர்னில் ஆராய்பவர்களின் அறிவு, வேறு நோய்களுக்கும் அப்படியே பயன்படும்.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. என்னிடம் ஆலோசனை பெற்ற ஒரு மாணவி, பி.எச்டி. மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது திட்ட நிதி நின்றுபோனது. நோயெதிர்ப்பியல் செய்முறைகளை முழுமையாகக் கற்றிருந்ததால் வேறு ஆய்வகத்துக்கு மாறி முனைவர் பட்டத்தை முடித்தார். 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு, டியூக் பல்கலைக்கழகத்தையும் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தையும் மையமாகக் கொண்ட இரு பெரிய எச்.ஐ.வி. தடுப்பூசிக் கூட்டமைப்புகளுக்கான நிதியைத் தொடர்வதில்லை என்று அறிவித்ததையும் தாங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை மட்டும் நம்பியிருக்கும் துறையில் நிலைமை எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

வழி என்று பார்த்தால், அடுத்த ஆண்டு முதுநிலைப் படிப்பில் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆறு மாத ஆய்வுத் திட்டத்தை எங்கே செய்கிறார் என்பதே முக்கியம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2006இல் 32 தன்னார்வலர்களைக் கொண்டு எச்.ஐ.வி. தடுப்பூசிச் சோதனையின் முதல் கட்டத்தை நடத்திய இடம். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், புனேயில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம், ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான டி.எச்.எஸ்.டி.ஐ. ஆகியவற்றுக்கும் இப்போதே விண்ணப்பக் கடிதம் எழுதத் தொடங்கலாம். இரண்டு பக்கத்தில் தன் கேள்வியைத் தெளிவாக எழுதத் தெரிந்த மாணவருக்குப் பதில் வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும், தகுதியுடையோருக்கு வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். ஐந்தாறு ஆண்டுகள் குடும்பத்துக்குப் பெரிதாகப் பணம் அனுப்ப இயலாது என்பதை இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். கல்விக் கடன் இருந்தால் அதை அடைக்கும் திட்டமும் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டும். பி.எச்டி. வேண்டாம் என்று பின்னர் தோன்றினால், மருத்துவச் சோதனை மேலாண்மையும் உயிரிப் புள்ளியியலும் நல்ல வேலைவாய்ப்புள்ள வழிகள்.

இனி, வரன் பார்ப்பது பற்றித் தாங்கள் அடித்துவிட்ட அந்த வரி. இத்துறை இல்வாழ்க்கைக்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில், 1986ஆம் ஆண்டில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். இந்நோயின் பெயரைச் சொல்லவே ஊர் அஞ்சிய காலம் அது. நிர்மலா அப்போது இரண்டு குழந்தைகளின் தாய். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். பெண்கள் தங்கியிருந்த காப்பகத்துக்கு அவரைத் தம் ஸ்கூட்டரில் அழைத்துச் சென்று விட்டவர் அவருடைய கணவர். 80 மாதிரிகளைப் பரிசோதனைக்காக வேலூருக்கு எடுத்துச் சென்ற ரயில் பயணத்திலும் அவரே உடன் சென்றார்.

தங்கள் அன்புள்ள,
கல்வி ஆலோசகர்